நெல், மக்காச்சோளம், உளுந்துக்கு மக்கும் மல்ச்சிங் ஷீட் போடலாமா? குமரி மாவட்ட விவசாயிகளுக்கான கேள்வி பதில்

மிளகாய்க்கும் தர்பூசணிக்கும் மல்ச்சிங் ஷீட், அதாவது பாத்தியை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, போடுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அறுவடை முடிந்ததும் அந்த ஷீட்டைக் கிழித்துப் பொறுக்கி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. அதனால் 'தானாகவே மண்ணோடு மக்கிப்போகும் ஷீட்' என்று யாராவது சொன்னால் ஆசை வருவது இயல்புதான். காய்கறியோடு நிற்காமல் நெல், மக்காச்சோளம், உளுந்து என்று தானிய வயல் முழுக்கப் போட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல்லுக்கு வேண்டாம். உளுந்து, பயறுக்கும் வேண்டாம். மக்காச்சோளத்துக்கு, அதிலும் பச்சைக் கதிராக விற்கும் ஸ்வீட் கார்னுக்கு, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கலாம். காரணங்களைக் கேள்வி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

மக்கும் ஷீட் எதனால் செய்யப்படுகிறது?

பெரும்பாலும் பிபிஏடி என்ற பாலிமர். இதோடு பிஎல்ஏ என்ற பாலிலாக்டிக் அமிலத்தையோ, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் மாவுச்சத்தையோ கலக்கிறார்கள். பிபிஏடி பெட்ரோலிய மூலப்பொருளில் இருந்து வருவது. பெட்ரோலியத்தில் இருந்து வந்தால் மக்காது என்று நினைக்க வேண்டாம். மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்பது வேறு விஷயம், மக்குவது வேறு விஷயம். பிபிஏடியின் சங்கிலியில் எஸ்டர் பிணைப்புகள் இருக்கின்றன. மண்ணில் உள்ள பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் சுரக்கும் நொதிகள் அந்த இடத்தில் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட சிறு துண்டுகளை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் தங்கள் உடம்பாகவும் மாற்றிக்கொள்கின்றன. சாதாரண ஷீட்டான பாலித்தீனில் அப்படி வெட்டுவதற்கு இடமே இல்லை. அது கிழியும், பொடியாகும், ஆனால் யாரும் தின்ன மாட்டார்கள்.

பிஎல்ஏ மட்டும் தனியாக இருந்தால் மண்ணில் மிக மெதுவாகத்தான் மக்கும். அது இளகுவதற்கே கிட்டத்தட்ட 60 டிகிரி சூடு வேண்டும். ஆகவே பிஎல்ஏ எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்பதில் தப்பில்லை, பதில் கிடைக்குமா என்பது வேறு.

'பயோ', 'மக்கும்' என்று அட்டையில் போட்டிருந்தால் வாங்கிவிடலாமா?

கூடாது. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஒரே மாதிரி அட்டைக்குள் மூன்று வேறு வேறு சரக்கு வருகிறது.

முதலாவது, 'ஆக்சோ' வகை. சாதாரணப் பாலித்தீனில் கோபால்ட், மாங்கனீஸ், இரும்பு போன்ற உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். வெயில் பட்டதும் நொறுங்கிப் பொடியாகும். கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுவதால் மக்கிவிட்டது என்று தோன்றும். அந்தப் பொடி வயலில்தான் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த சட்டத்தின்படி இந்த வகைப் பொருட்களை 2021 ஜூலையில் இருந்து சந்தையில் விடக் கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

இரண்டாவது, 'கம்போஸ்டபிள்' வகை. இதற்கான தரம் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088. நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் சான்றிதழ் இந்தத் தரத்தை வைத்துத்தான். ஆனால் சோதனை நடப்பது 58 டிகிரி சூட்டில், ஆலைகளில் போடும் பெரிய கம்போஸ்ட் குவியலின் நிலைமையில். அங்கே 180 நாளில் 90 சதவீதம் மக்க வேண்டும். நம் வயல் மண்ணுக்குள், ஒரு சாண் ஆழத்தில், 58 டிகிரிக்கு எங்கே போவது? குவியலில் மக்கும் சரக்கு வயலிலும் மக்கலாம், மக்காமலும் போகலாம். சான்றிதழ் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது: சாதாரண மண் சூட்டிலேயே மக்கும் என்று சோதித்த ஷீட். இதற்கென்றே ஐரோப்பாவில் 2018-இல் இஎன் 17033 என்ற தரம் வந்தது. 20 முதல் 28 டிகிரிக்குள் வைத்த மண்ணில் இரண்டு வருடத்துக்குள் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். அதோடு மண்புழு, பயிர், மண்ணில் தழைச்சத்தை மாற்றும் பாக்டீரியா ஆகியவற்றுக்குக் கேடு இல்லை என்றும் காட்ட வேண்டும். பன்னாட்டு அளவில் இதே நோக்கத்துக்கு 2021-இல் ஐஎஸ்ஓ 23517 வந்திருக்கிறது. டியூவி ஆஸ்திரியா நிறுவனம் தரும் 'ஓகே பயோடிகிரேடபிள் சாயில்' முத்திரையும் மண்ணில் மக்குவதற்கானது. அதே நிறுவனத்தின் 'ஓகே கம்போஸ்ட்' முத்திரை வேறு. ரோலின் அட்டையில் 'சாயில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடையில் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: "மண்ணில் மக்கும்னு சோதிச்ச அறிக்கை இருக்கா அண்ணாச்சி?" கம்போஸ்ட் சான்றிதழை எடுத்துக் காட்டினால் அது போதாது.

வெளிநாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் தானியத்துக்கு ஷீட் விரிக்கிறார்களே, நாம் ஏன் தயங்க வேண்டும்?

அவர்கள் எதற்காக விரிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். சீனாவின் கான்சு மாகாணத்தில் மக்காச்சோளக் காடு முழுக்க ஷீட்தான். வருட மழை பல இடங்களில் 300 முதல் 500 மில்லிமீட்டர். விதைக்கிற வசந்த காலத்தில் மண் குளிர்ந்து கிடக்கும். மக்காச்சோளம் முளைக்க மண் சுமார் 10 டிகிரியாவது இருக்க வேண்டும். ஷீட் போட்டால் மண் சீக்கிரம் சூடாகிறது, கொஞ்ச மழையும் ஆவியாகாமல் நிற்கிறது. அயர்லாந்தில் மாட்டுத் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிறவர்கள் விதைத்துக்கொண்டே மேலே ஷீட்டை விரித்துச் செல்லும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அங்கேயும் காரணம் குளிர்தான்.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சீனாவில் நீண்ட காலம் 0.008 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு அனுமதி இருந்தது. அவ்வளவு மெல்லிய ஷீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. தொட்டால் கிழியும். வயல், வாய்க்கால், மரக்கிளை எல்லாம் ஷீட் துண்டு. 'வெள்ளை மாசு' என்றே அங்கே பெயர் வைத்துவிட்டார்கள். 2018-இல் இருந்து குறைந்தபட்ச கனத்தை 0.010 மில்லிமீட்டராக உயர்த்தினார்கள். மக்கும் ஷீட்டின் மேல் அவர்களுக்கு அக்கறை வந்ததே இந்தத் தொல்லையால்தான்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் கிடைக்கிற மாவட்டம். மார்கழியில்கூட மக்காச்சோளம் முளைக்காத அளவுக்கு மண் குளிர்வதில்லை. ஆக, அங்கே ஷீட் கொடுக்கிற பெரிய லாபமான சூடு, இங்கே கோடையில் தொந்தரவாகத்தான் வந்து சேரும். நமக்கு மிச்சம் இருக்கிற லாபம் இரண்டு: களை கட்டுப்படுவது, கோடையில் ஈரம் நிற்பது. கணக்கு முழுவதையும் இந்த இரண்டின் மேல்தான் போட வேண்டும்.

நாஞ்சில் நாட்டு நெல் வயலுக்கு?

வேண்டாம் என்று சொன்னேன். தொளி கலக்கி, அதாவது சேற்றுழவு செய்து, நட்ட வயலில் தேங்கி நிற்கும் தண்ணீரே மூடாக்கு (மண்ணை மூடும் போர்வை). இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே பாதிக் களை முளைக்காது. மிச்சத்துக்குக் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியோ கைக்களையோ களைக்கொல்லியோ இருக்கிறது. சேற்றில் ஷீட்டை விரித்து ஓரத்தைப் புதைத்து நிறுத்துவதும் லேசான வேலை இல்லை. தண்ணீர் ஏறினால் அடியில் காற்றுக்குமிழ் சேர்ந்து மிதக்கும். பாய் நாற்றங்கால் போட்டு இயந்திரத்தால் நடுகிறவர்களுக்கு ஷீட்டின் மேல் நடும் இயந்திரம் இங்கே கிடையாது.

நெல்லுக்கு மூடாக்குப் போடுகிறவர்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஜப்பானில் இயற்கை முறை நெல்லுக்கு மறுசுழற்சிக் காகிதத்தை விரித்துக்கொண்டே நடும் இயந்திரம் இருக்கிறது. காகிதம் ஒன்றரை மாதம் போலத் தாக்குப்பிடித்துக் கரைந்துவிடும், அதற்குள் நெல் மூடிவிடும். சீனாவின் ஹூபே மலைப்பகுதிகளில் தண்ணீர் கட்டாமல், ஷீட்டுக்குக் கீழே ஈரத்தை மட்டும் வைத்து நெல் விளைவிக்கிறார்கள். அங்கே தண்ணீர் பஞ்சம், குளிர் இரண்டும் சேர்ந்து அதை நியாயப்படுத்துகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் வருகிற வயலில் அந்த நியாயம் நிற்காது.

இன்னொன்றும் இருக்கிறது. நீர் தேங்கிய சேற்றில் காற்று இல்லை. மண்ணில் மக்கும் சோதனைகள் காற்றோட்டமுள்ள மண்ணில் செய்தவை. சேற்றுக்குள் போன ஷீட் அதே வேகத்தில் மக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது, மெதுவாகத்தான் மக்கும்.

கன்னிப்பூவில் (முதல் போக நெல்லில்) புழுதி விதைப்பு, அதாவது காய்ந்த மண்ணில் நேரடி விதைப்பு, செய்கிறோம். களைதான் பெரிய பிரச்சினை. அதற்காவது?

களைத் தொல்லை உண்மை. நட்ட வயலில் நாற்று களையைவிட மூன்று வாரம் மூத்தது. புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. ஆனால் கையால் வீசி விதைத்த வயலில் ஷீட்டுக்கு இடம் எங்கே? வரிசையில் விதைத்தாலும், ஜூனில் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் வந்ததும் வயல் நன்செய் வயலாகிவிடும். அதன் பிறகு ஷீட்டுக்கு வேலையில்லை. இரண்டு மாத வேலைக்கு இந்தச் செலவு தாங்காது. கோடை மழையில் களையை முளைக்கவிட்டு ஒரு உழவு போட்டு அழித்துவிட்டு, அப்புறம் விதைப்பது அதிகச் செலவில்லாத வழி.

மக்காச்சோளத்துக்குப் போடலாம் என்கிறீர்கள். எப்படி?

மேட்டு நிலத்தில், சொட்டுநீரோடு, இரட்டை வரிசைப் பாத்தியாக. பாத்திக்குப் பாத்தி 1.2 மீட்டர். ஒவ்வொரு பாத்தியிலும் இரண்டு வரிசை, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர். வழக்கமான 60-க்கு 25 இடைவெளியில் வருகிற அதே எண்ணிக்கை, ஏக்கருக்கு சுமார் 27,000 செடி, இதிலும் வந்துவிடும். 1.2 மீட்டர் அகல ஷீட்டில் இரண்டு ஓரமும் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போக, 90 சென்டிமீட்டர் மேலே தெரியும்.

மக்காச்சோளத்தில் களையால் விளைச்சல் அடிபடுவது முதல் 30 முதல் 45 நாள்தான். அதன் பிறகு இலை மூடிக்கொண்டு நிழல் கட்டிவிடும். அப்படியென்றால் ஷீட் இரண்டு மாதம் முழுசாக நின்றால் போதும், அறுவடை வரை நிற்க வேண்டியதில்லை. மெல்லிய மக்கும் ஷீட்டே போதுமானது என்பது இந்தப் பயிரில் ஒரு வசதி. 75, 80 நாளில் கதிர் ஒடிக்கிற ஸ்வீட் கார்னுக்கு இன்னும் பொருத்தம். அதற்கு விலையும் பச்சைக் கதிர் விலை.

அடியுரத்தை ஷீட் விரிக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். மேலுரத்தைச் சொட்டுக் குழாய் வழியாகத்தான் கொடுக்க முடியும். சொட்டுநீர் இல்லாதவர்கள் யூரியாவை எங்கே போடுவது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏக்கருக்கு எவ்வளவு ஷீட் பிடிக்கும்? கட்டுப்படியாகுமா?

ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். பாத்திக்குப் பாத்தி 1.2 மீட்டர் என்றால் பாத்திகளின் மொத்த நீளம் ஏறக்குறைய 3,370 மீட்டர். 400 மீட்டர் ரோலில் எட்டரை ரோல், அதாவது ஒன்பது வாங்க வேண்டும்.

எடைக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, லிட்டர் கொள்ளளவுக்கு 0.92 கிலோ. பிபிஏடி கலவை சுமார் 1.25 கிலோ. ஆகவே ஒரே கனத்தில் மக்கும் ஷீட் எடை கூடுதல். மேலே சொன்ன ஏக்கருக்கு 25 மைக்ரான் (0.025 மில்லிமீட்டர்) பாலித்தீன் 93 கிலோ வரும். மக்கும் ஷீட் 20 மைக்ரானில் 101 கிலோ, 15 மைக்ரானில் 76 கிலோ. கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் கணக்கு தப்பும். ஏக்கருக்கு எத்தனை கிலோ என்று போட்டு, அதைக் கிலோ விலையால் பெருக்குங்கள். பொதுவாக, அதே பரப்புக்கு மக்கும் ஷீட் பாலித்தீனைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விலை ஆகிறது.

இந்தப் பக்கத்தில் செலவு, அந்தப் பக்கத்தில் என்ன மிச்சம்? இரண்டு களையெடுப்புக் கூலி. பாலித்தீனோடு ஒப்பிட்டால், அறுவடைக்குப் பின் ஷீட் பொறுக்கும் கூலியும் அதைக் கொண்டுபோய்க் கழிக்கும் செலவும். நம் மாவட்டத்தில் கூலி அதிகம், ஆள் கிடைப்பதும் கஷ்டம் என்பதால் இந்த மிச்சம் மற்ற இடங்களைவிட இங்கே கொஞ்சம் கனமாகவே இருக்கும். ஆனால் அட்ரசின் தெளித்துக் களையை அடக்குகிறவருக்கு இந்த மிச்சம் கிட்டத்தட்ட இல்லை. களைக்கொல்லிச் செலவோடு எந்த ஷீட்டும் போட்டி போட முடியாது. களைக்கொல்லியே வேண்டாம் என்று முடிவெடுத்து விளைவிப்பவருக்கும், கதிருக்கு நல்ல விலை கிடைப்பவருக்கும்தான் கணக்கு நேராகும்.

செடிகளுக்காக ஷீட்டில் எத்தனை ஓட்டை போட வேண்டும் என்ற கணக்கையும் போட்டுப் பாருங்கள். 1.8 மீட்டர் இடைவெளியில் வாழை ஏக்கருக்கு சுமார் 1,250. மக்காச்சோளம் 27,000. ஒற்றை நாற்று நடவில் 25-க்கு 25 இடைவெளியில் நெல் 64,700. உளுந்து 30-க்கு 10 இடைவெளியில் ஏறக்குறைய 1,35,000. ஒரு ஓட்டைக்கு ஒரு செடி, ஒரு செடிக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்தால், காய்கறிக்காரர்கள் ஏன் ஷீட் போடுகிறார்கள், தானியக்காரர்கள் ஏன் போடுவதில்லை என்பது விளங்கிவிடும்.

உளுந்து, பாசிப்பயறுக்கு?

மேலே உள்ள 1,35,000 ஓட்டையே பதில். கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) அறுவடைக்கு முன் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசிவிடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அறுப்புக்கு ஐந்து பத்து நாள் முன்பு, மண்ணில் மெழுகு பதம் இருக்கும்போது விதைப்பது. அங்கே அறுவடைத் தாளே மூடாக்காகிவிடுகிறது.

என்ன நிறம் வாங்க வேண்டும்?

களைதான் குறி என்பதால் வெளிச்சம் புகாத ஷீட் வேண்டும். கண்ணாடி போன்ற ஷீட்டின் அடியில் களை வெகு சுகமாக வளரும், சூடும் ஏறும். கறுப்பு அல்லது மேலே வெள்ளி, கீழே கறுப்பு. பங்குனி, சித்திரையில் விதைத்தால் வெள்ளிதான் நல்லது. கறுப்பு ஷீட்டில் மத்தியானம் ஓட்டையின் விளிம்பு இளஞ்செடியின் தண்டைத் தொட்டால் அந்த இடம் வெந்து, செடி இரண்டு நாளில் சாய்ந்துவிடும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டு, சுற்றி ஒரு கைப்பிடி மண் வையுங்கள். அந்த மண் காற்று ஓட்டைக்குள் நுழைந்து ஷீட்டைத் தூக்காமலும் பார்த்துக்கொள்ளும்.

கோரை அடங்குமா?

அடங்காது. அகல இலைக் களை, புல் எல்லாம் ஷீட்டுக்கு அடியில் வெளுத்துச் சாகும். கோரையின் முளை ஊசி மாதிரி. 15 மைக்ரான் ஷீட்டைக் குத்திக்கொண்டு நேராக மேலே வந்துவிடும், பாலித்தீனையே விடுவதில்லை. விரித்த இரண்டாவது வாரம் பாத்திப் பக்கம் குனிந்து பார்த்தால், ஷீட்டில் கூடாரம் போட்டதுபோல அங்கங்கே சின்னச் சின்ன முனை எழும்பியிருக்கும். மறுநாள் அதே இடத்தில் பச்சை தெரியும். ஒவ்வொரு குத்தலும் ஒரு கிழிசலுக்கு ஆரம்பம். கோரை மண்டிய நிலத்தில் மக்கும் ஷீட் போட வேண்டாம். கோடை உழவில் கிழங்கை வெளியே கொண்டுவந்து வெயிலில் காயவிட்டு, அது குறைந்த பிறகு பாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் ஷீட் நிற்குமா?

முப்பந்தலில் காற்றாலை ஏன் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் இதைக் கேட்கத்தான் செய்வார்கள். வைகாசி முதல் ஆவணி வரை கணவாய் வழியாக அடிக்கிற காற்று, தோவாளை வட்டத்தின் கிழக்குப் பக்கம் ஷீட் போடுகிறவருக்குப் பெரிய எதிரி. மக்கும் ஷீட் பாலித்தீன் அளவுக்கு இழுவை தாங்காது. ஓரிடத்தில் படபடக்க ஆரம்பித்தால் ஓட்டைக்கு ஓட்டை கிழிந்து பாத்தி நீளத்துக்கும் போய்விடும்.

பாத்தியைக் காற்றுத் திசைக்கு இணையாக, அதாவது கிழக்கு மேற்காகப் போடுங்கள். ஓரம் 15 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போயே ஆக வேண்டும், பத்தில் நிறுத்தினால் போதாது. பாத்தியின் மேல்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும், கட்டி இருந்தால் ஷீட் மண்ணோடு ஒட்டாது. காலையில் காற்று எழும்புவதற்கு முன் விரித்து முடித்துவிடுங்கள். இரணியல், குலசேகரம், அருமனை பக்கத்தில் தென்னை, ரப்பர் மறைவில் உள்ள நிலத்துக்கு இந்தக் கவலை குறைவு.

விரிக்கும்போது வேறு கவனம்?

பாலித்தீனை இழுத்து முறுக்காக விரித்துப் பழகிய ஆட்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: இதை இழுக்கக் கூடாது. இழுத்தால் மெலிந்து, அந்த இடத்தில் முதலில் கிழியும். விதைப்பதற்குப் பல நாள் முன்பே விரித்தும் வைக்கக் கூடாது, விரித்த நாளில் இருந்தே அதன் ஆயுள் குறைய ஆரம்பித்துவிடும். எலி நடமாட்டம் உள்ள நிலத்தில் ஷீட்டின் அடியில் அது வளை போடும், பாத்தி ஓரங்களை வாரம் ஒருமுறை பாருங்கள்.

எத்தனை நாளில் மக்கும்?

கம்பெனிக்காரர் சொல்கிற நாள் பெரும்பாலும் குளிர்நாட்டு மண்ணுக்கானது. மக்கும் வேகம் மண் சூடு, ஈரம், காற்று, நுண்ணுயிர் இவற்றைப் பொறுத்தது. நம் மண் சூடானது, இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே இங்கே வேகம் கூடுதலாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். அது நல்ல செய்தி மட்டும் இல்லை. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால் வேண்டிய நாளுக்கு முன்பே ஷீட் விரிசல் விட்டுவிடலாம்.

முதலில் போவது மண்ணுக்குள் புதைத்த ஓரம். மேலே வெயிலில் கிடக்கும் பகுதி நொறுங்குமே தவிர முழுசாக மக்காது. மக்குவதற்கு அது மண்ணுக்குள் போக வேண்டும். அறுவடை முடிந்த கையோடு, காய்ந்த தட்டையோடு சேர்த்து ரொட்டவேட்டர் அடித்து உள்ளே தள்ளிவிடுங்கள். அடுத்த பயிரிலும் கொஞ்சம் துண்டுகள் கண்ணில் படும். இரண்டு வருடத்துக்குள் 90 சதவீதம் என்பதுதான் தரத்தின் அளவே, அடுத்த வாரமே காணாமல் போகும் என்று யாரும் சொல்லவில்லை. செம்மண், செம்புறை மண்ணில் தொழுவுரம் போட்டு வைத்திருந்தால் நுண்ணுயிர் அதிகம், வேலை சீக்கிரம் நடக்கும். கடலோர மணலில் ஈரமும் நுண்ணுயிரும் குறைவு, தாமதமாகும்.

வருடா வருடம் போட்டால் மண் கெடாதா?

நியாயமான பயம். மக்குகிற காலத்தில் இதுவும் சிறு துண்டாகித்தான் போகிறது. வித்தியாசம், அந்தத் துண்டு முடிவில் தின்னப்பட்டுவிடும் என்பது. ஒவ்வொரு போகமும் புதிதாக ஏக்கருக்கு 76 கிலோ மண்ணில் சேர்த்துக்கொண்டே போனால், முந்தையது மக்கி முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். வருடம் ஒரு போகத்துக்கு மேல் ஒரே நிலத்தில் போட வேண்டாம் என்பது என் கருத்து. நிலத்தை மாற்றி மாற்றிப் போடலாம்.

அறுவடைக்குப் பின் மாடு, ஆடு மேயவிடுகிறவர்கள், உழுது முடித்த பிறகு விடுங்கள். கதிர் வாசனை ஒட்டிய ஷீட்டைப் பசு மென்றுவிடும்.

மக்கும் ஷீட் தானே, காற்றில் பறந்தால் என்ன?

பறக்க விடக் கூடாது. வயல் மண்ணில் மக்கும் என்றுதான் சோதித்திருக்கிறார்கள். வாய்க்காலில் விழுந்து பழையாறு வழியாக மணக்குடிப் பொழிமுகத்துக்குப் போனால், அங்கே மண் கிடையாது. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அந்தக் குளங்களைச் சுற்றி நெல் வயல் இருக்கிறது, பறவைகளும் வருகின்றன. வரப்பில் குவித்துவைத்த துண்டு ஒரே காற்றில் குளத்துக்குப் போய்விடும். எரிக்கவும் வேண்டாம்.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை இருக்கிறதே?

2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள தடை கைப்பை, தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழாய் போன்ற ஒருமுறை பயன்பாட்டுப் பொருட்களுக்கு. வயலில் விரிக்கும் ஷீட் அந்தப் பட்டியலில் இல்லை.

மானியம் உண்டா?

நிலப்போர்வைக்கான (மல்ச்சிங் ஷீட்டுக்கான) மானியம் தோட்டக்கலைத் திட்டத்தில் வருகிறது. ஹெக்டேருக்கு 32,000 ரூபாய் செலவு என்று வைத்து அதில் பாதி, ஒருவருக்கு இரண்டு ஹெக்டேர் வரை என்பது பல வருடம் இருந்த விதி. இப்போதைய தொகையை வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திட்டம் காய்கறி, பழம், பூவுக்கானது, தானியம் அதில் சேராது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் இருக்கிறது. ஷீட்டுக்குக் கிடைக்காவிட்டாலும் அதன் அடியில் ஓடும் குழாய்க்குக் கிடைக்கும். சிறு விவசாயி சான்றிதழை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

இயற்கை விவசாயச் சான்று வைத்திருக்கிறோம். போடலாமா?

சான்று தரும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்காமல் போடாதீர்கள். அமெரிக்காவின் இயற்கை விவசாய விதிகள் 2014-இல் மக்கும் ஷீட்டை ஏற்றுக்கொண்டன. ஆனால் முழுக்க உயிரிமூலப் பொருளில் செய்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டதால், பிபிஏடி கலந்த சரக்கு எதுவும் உள்ளே வர முடியவில்லை. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இது முக்கியம்.

ஷீட் போட்டால் மக்காச்சோளத்தைத் தாக்கும் படைப்புழு குறையுமா?

குறையாது. 2018-இல் கர்நாடகத்தில் தலைகாட்டி நாடு முழுக்கப் பரவிய அந்தப் புழுவின் அந்துப்பூச்சி வெளியில் இருந்து பறந்து வந்து இலையில் முட்டை இடுகிறது. குருத்தைப் பிரித்துப் பார்க்கும் வேலை உங்களுக்கு அப்படியே இருக்கும்.

வைக்கோல், சருகு போட்டால் போதாதா?

கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. ஏக்கருக்கு இரண்டு டன்னுக்கு மேல் வைக்கோல் வேண்டும், மாடு வைத்திருப்பவர் கொடுக்க மாட்டார், விலைக்கு வாங்கினால் ஷீட்டோடு போட்டி போடும். தென்னந்தோப்பு உள்ளவர்களுக்கு ஓலையும் கதம்பையும் சும்மா கிடக்கிறது. மக்காச்சோள வரிசைக்கு நடுவில் ஓலையை வெட்டிப் பரப்பினால் களை பாதிக்கு மேல் குறையும், கோரை தவிர. கரையான் உள்ள இடத்தில் பயிரை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் மானாவாரி மக்காச்சோளம் போடுகிறோம். அங்கே?

பரந்த பரப்பில் தானியம் என்று சொன்னால் அதுதான் சரியான இடம். ஆனால் மானாவாரியில் ஷீட் மழையை உள்ளே விடாது என்பதை மறக்கக் கூடாது. சொட்டுநீர் இல்லாமல் தட்டைப் பாத்தியில் விரித்தால் வந்த மழையும் ஓடிப்போகும். கான்சுவில் மேடு, பள்ளம் என்று மாற்றி மாற்றி அமைத்து முழுவதும் மூடி, பள்ளத்தில் விதைத்து, மேட்டில் விழுந்த மழை பள்ளத்து ஓட்டை வழியாக வேருக்கு இறங்கும்படி செய்கிறார்கள். கரிசலில் அதை நூறு ஏக்கரில் செய்ய இயந்திரம் வேண்டும். புரட்டாசியில் விதைத்து ஐப்பசி, கார்த்திகை மழையில் வளர்கிற பயிருக்கு, நல்ல வருடத்தில் ஈரம் ஒரு குறையே இல்லை, தண்ணீர் தேங்குவதுதான் குறை. வறண்ட வருடத்துக்காக ஒவ்வொரு வருடமும் ஷீட் செலவு செய்வது, என் கணக்கில், ஒத்துவரவில்லை.

ஷீட்டுக்குப் பதில் தெளிக்கும் திரவம் வருவதாகச் சொல்கிறார்களே?

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆராய்ச்சி நிறுவனம் தண்ணீரில் கலந்து மண் மேல் தெளித்தால் படலமாக உறையும் மக்கும் பாலிமரை உருவாக்கியிருக்கிறது. ஓட்டை போடுகிற வேலை இல்லை என்பதால் பரந்த தானிய வயலுக்கு உண்மையில் பொருந்தக்கூடியது இந்த வழிதான். நம் ஊர்க் கடையில் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

வாங்கிய ரோல் மீந்துவிட்டால் அடுத்த வருடத்துக்கு வைக்கலாமா?

ஒரு வருடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். வெயில் படாத, ஈரம் இல்லாத, காற்றோட்டமான அறையில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். தகரக் கூரையின் கீழ் மோட்டார் அறையில் போட்டால் சூட்டிலும் ஈரப்பதத்திலும் ரோலுக்குள்ளேயே வலுவிழந்து, விரிக்கும்போது அடுக்கோடு அடுக்கு ஒட்டிக் கிழியும். உரச்சாக்கோடு வைக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் நானே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், செலவே இல்லை. கடையில் இருந்து ஒரு மீட்டர் துண்டு கேட்டு வாங்குங்கள். பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நைலான் கொசுவலையில் சின்னப் பை தைத்து, ஒரு பைக்கு ஒரு துண்டு போடுங்கள். மேட்டு நிலத்தில் சில, நெல் வயல் வரப்போரம் சில, தென்னை மூட்டில் சில என்று ஒரு சாண் ஆழத்தில் புதையுங்கள். ஒவ்வொரு இடத்திலும் சாதாரணப் பாலித்தீன் துண்டு ஒன்றையும் பக்கத்தில் புதைத்து, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மாதம் ஒரு பையாக எடுத்து, தண்ணீரில் அலசி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதலில் நிறம் மங்கும், பிறகு ஊசி ஓட்டைகள் தெரியும், அப்புறம் விரலால் தொட்டாலே பிய்யும். திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கோ பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்துக்கோ போகும்போது அந்தப் பைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், பேச்சு சுலபமாகும். ஒரு வருடம் கழிந்தும் மேட்டு நிலத்துத் துண்டு பக்கத்துப் பாலித்தீனைப் போல முழுசாகவே இருந்தால், அந்தக் கடையில் ரோல் வாங்க வேண்டாம்.